எதுவும் தங்காத நான்கு மெஷின்கள்

வந்தவர் நாற்காலியை விட்டு எழுந்ததும் சுகிர்தா கையை நீட்டி மின்விசையை அணைத்துவிடுகிறாள். முறையாக மூடுவதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. திரை கறுத்ததும் வாய்க்குள் பத்து எண்ணுகிறாள். பிறகு இழுப்பறையைத் திறந்து பென்டிரைவை எடுத்துச் செருகி, கணினியை மறுபடி எழுப்புகிறாள். ஒரு நிமிடம் நாற்பது விநாடி ஆகும். எழுந்து நின்றதும் பென்டிரைவைப் பிடுங்கி இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பவரைக் கூப்பிடுகிறாள்.

"தோ, வந்து பாரு. உன்னுது எதுனா கீதா?"

இருக்காது. அவர் தட்டிய கடிதம், இறக்கிய ஆதார், திறந்த மெயில் எதுவுமே அங்கே இருக்காது. அவர் தலையாட்டிவிட்டுப் போன பிறகுதான் சுகிர்தா அடுத்த ஆளை உட்காரச் சொல்கிறாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகிற சாலையில், பஞ்சர் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவில் பத்தடிக்குப் பன்னிரண்டடி இடம். 'சுகிர்தா ஆன்லைன் & ஜெராக்ஸ்' என்று பலகை. காலையில் மேஜையைத் துடைத்தால் பதினோரு மணிக்கு அதன்மேல் விரலால் பெயர் எழுதலாம். அவ்வளவு இரும்புத்தூள் பறக்கிற சாலை. உள்ளே நான்கு கணினிகள். நான்குமே ஆலைகள் பழையதென்று கழித்துப் போட்டவை. ஒன்றில்கூட ஹார்ட் டிஸ்க் கிடையாது.

அது இல்லாமல் எப்படி ஓடும் என்று கேட்பவர்களுக்கு அவள் பொறுமையாகச் சொல்வாள். மற்றக் கணினிகளில் எல்லாம் ஹார்ட் டிஸ்க் என்கிற வட்டில் எழுதப்பட்டு அங்கேயே கிடக்கும். இவளுடையதில் இயங்குதளமே மிகச் சின்னது. ஒரு கல்யாண வீடியோவில் கால் பங்குகூட இராது. பென்டிரைவிலிருந்து அது முழுசாக ரேமுக்குள் ஏறிக்கொண்டு, அங்கேயே நின்று வேலை செய்யும். அதனால் கிழட்டுக் கணினிகூடப் புதிது மாதிரி ஓடும். மின்சாரம் இருக்கும் வரைதான் ரேமுக்கு நினைவு. நிறுத்தினால் தளமும் போயிற்று, அதில் செய்த வேலையும் போயிற்று. இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. இரண்டு மாதம் வீடியோ பார்த்து, நான்கு பென்டிரைவைக் கெடுத்து, ஐந்தாவதில் தானே கற்றுக்கொண்டாள்.

எளாவூரில் வீடு. வயது முப்பத்தெட்டு. பெற்றோர் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அண்ணன் ஜெரால்ட் எட்டாவதோடு லேத் பட்டறைக்குப் போய்விட்டார். அந்த வீட்டில் பன்னிரண்டு முடித்தவளும், தமிழ் இங்கிலீஷ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவளும் இவள் ஒருத்திதான். கழிவில் வாங்கி வரும் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் வட்டைக் கழற்றி அண்ணனிடம் எடுத்துப் போவாள். அவர் டிரில்லிங் மெஷினில் எட்டு மில்லி பிட் மாட்டி மூன்று துளை இறக்குவார். ஒன்று போதாதா என்று முதல் முறை கேட்டார்.

"போதாது. மூணு போடுண்ணா."

மூன்றாவது துளையில் வெளிச்சம் தெரிகிறதா என்று கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள். பட்டறைக்கு யார் வந்தாலும் ஜெரால்ட் இதைச் சொல்லிச் சிரிப்பார்: "ஊர்ல அவனவன் மெமரி பத்தலன்னு ஏத்திக்கினு கீறான். எந்தங்கச்சி, இருக்கறதுல ஓட்ட போட்டுகினு கீது." சிரிப்பைவிடப் பெருமைதான் அதில் கூட இருக்கும்.

இதற்கெல்லாம் காரணம் ஜோஷ்வா என்ற ஒரு லோடுமேன். சொந்தக் கடை வைப்பதற்கு முன் சுகிர்தா பஸ் நிலையத்துப் பக்கம் வேறொருவர் கடையில் ஆறு வருடம் வேலை பார்த்தாள். பி.எஃப். பணத்துக்கு விண்ணப்பிக்க வந்த ஜோஷ்வாவின் ஆதாரை அங்கே ஸ்கேன் செய்தாள். வேலை முடிந்ததும் அழித்தாள். கணினிக்குள் இருக்கும் குப்பைத் தொட்டியையும் காலி செய்தாள். எட்டு மாதம் கழித்து வெளிமாநிலப் போலீஸ் ஜோஷ்வாவைத் தேடிக்கொண்டு வந்தது. அவன் பெயரில் ஏழு சிம் கார்டு வாங்கி யாரோ மோசடி செய்திருந்தார்கள். நாற்பது நாளில் அவன் மேல் குற்றமில்லை என்று ஆயிற்று. அதற்குள் வேலையும் நிச்சயமான கல்யாணமும் போயின. போலீஸ் கொடுத்த காகிதங்களை நகலெடுக்க அவன் சுகிர்தாவிடமே வந்தான். அதில் இருந்த ஆதார் பிரதியின் மூலையில் பிறை வடிவத்தில் ஒரு கறை. அது அந்தக் கடை ஸ்கேனர் கண்ணாடியின் கறை. இடையில் ஒரு முறை ரிப்பேருக்குப் போய்வந்த வட்டிலிருந்து யாரோ தோண்டி எடுத்திருக்கிறார்கள். ஜோஷ்வாவுக்கு அது தெரியாது. இவளுக்குத் தெரிந்தது. அதைப் பற்றி அவள் பேசுவது இரண்டே வாக்கியம்: "நான் அழிச்சேன். அது அழியல."

அதற்குப் பிறகு அவள் மெஷினை மட்டுமல்ல, தன்னையும் அப்படிப் பழக்கினாள். தட்டும்போது சொல்கிறவர் முகத்தைப் பார்ப்பதில்லை. ராஜினாமா, கடன் மனு, காதல் கடிதம், மேலாளரைப் பற்றிய மொட்டைக் கடுதாசி எல்லாமே ஒரே வேகத்தில் விழும். முடித்ததும் தாழ்ந்த குரலில் ஒரு தடவை படித்துக் காட்டுவாள். அவ்வளவுதான். "காதுக்கும் வெரலுக்கும் நடுவுல நான் கெடையாது" என்பாள். அது வெறும் பேச்சில்லை. காலையில் யாருக்கு என்ன தட்டினாய் என்று மாலையில் அண்ணன் கேட்டால் நிஜமாகவே விழிப்பாள்.

மின்வெட்டு நாட்களில் ஏச்சும் வாங்குவாள். கிழட்டு யு.பி.எஸ். கைவிட்டால் அரைமணி நேர வேலை போய்விடும். "இன்னாக்கா, பேஜாரு புட்ச்ச மெஷினு!" என்று கத்துகிறவரிடம் வாய் திறக்காமல் முதலிலிருந்து தட்டுவாள். ஒரு முறை ஆந்திரா லாரி டிரைவர் ஒருவர், "ஏம்மா, உன் மெஷினுக்கு மறதி வியாதியா?" என்றார்.

"ஆமா நைனா. நீ மருந்து கிருந்து குடுத்துடாத."

இந்த மறதிக்காகத்தான் ஆலை ஆட்கள் அவளிடம் வருகிறார்கள். அங்கே தட்டினால் எதுவும் தங்காது என்ற பேச்சு ஷிப்டு ஷிப்டாகப் பரவியிருந்தது.

போன மாதம் இருபத்தொன்பதாம் தேதி, சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு வசந்தகுமார் வந்ததும் அதற்காகத்தான். முப்பத்தோரு வயது. இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் உலையடியில் ஒப்பந்தத் தொழிலாளி.

"அக்கா, ஃபேக்டரி இன்ஸ்பெக்டருக்கு ஒரு லெட்டர் அடிக்கணும். இங்க ஒண்ணும் தங்காதில்ல?"

"தங்காது. சொல்லு."

உலையைச் சுற்றியிருக்கும் செப்புச் சுருளைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓடுகிறது. அந்தத் தண்ணீர்க் குழாய் கசிகிறது. மூன்று தடவை கண்ணால் பார்த்து, மூன்று தடவையும் வாய்வார்த்தையாகச் சொல்லியாயிற்று. சூப்பர்வைசர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்று தேதிகளையும் ஒரு பிஸ்கட் உறையின் உள்பக்கம் எழுதி வைத்திருந்தான். அதைப் பார்த்துச் சொன்னான், அவள் தட்டினாள்.

"இரும்புக் கொயம்புக்கு அடியில ரெண்டு சொட்டு தண்ணி மாட்டினா போதும்க்கா. குண்டு போட்டாமாரி தூக்கி அட்ச்சிடும்."

"அத்த அப்டியே எழுதட்டா?"

"நீ நல்ல தமிழ்ல எழுதுக்கா. நமக்கு மரியாத வேணாமா?"

படித்துக் காட்டினாள். ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தாள். எல்லோரிடமும் கேட்பது போலவே அவனிடமும் கேட்டாள்: மெயிலில் போட்டுக்கொள்கிறாயா?

"வேணாக்கா. சூப்பர்வைசர் எங்க போனையே வாங்கி வாங்கிப் பாக்கறாரு."

"ஜெராக்ஸாவது எட்த்து வெச்சிக்க."

"நாளைக்கு எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிக்கினு, திங்கக்கெழம வந்து மொத்தமா எட்த்துக்கறேன்."

எழுந்தவன், "நானே அணைக்கட்டா?" என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டு, அவனே விசையை அழுத்தினான். திரை கறுத்ததைப் பார்த்துச் சிரித்தான். காகிதத்தை எட்டாக மடித்து, பிஸ்கட் உறையோடு சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

திங்கட்கிழமை காலை பதினொன்றே காலுக்குக் கடையின் ஷட்டர் குலுங்கியது. லாரி டயர் வெடித்துவிட்டதென்று பஞ்சர் கடைக்காரர் ஜாக்கியோடு தெருவுக்கு ஓடினார். வெடித்தது வசந்தகுமாரின் ஆலை உலை. அவன் உலையடியிலேயே செத்துப்போனான். இன்னும் மூன்று பேர் வெந்த உடம்போடு சென்னைக்குப் போனார்கள். லாக்கரிலிருந்த அவன் பை வீட்டுக்கு வந்தது. உள்ளே டிபன் டப்பா, சீப்பு, ஒரு பனியன். காகிதமும் இல்லை, பிஸ்கட் உறையும் இல்லை.

ஆலை சொன்னது இதுதான்: குழாயில் கசிவு இருந்தது உண்மை, இருபத்தைந்தாம் தேதியே புதுக் குழாய் மாற்றியாகிவிட்டது, பில் இருக்கிறது, ரிஜிஸ்டர் இருக்கிறது, வசந்தகுமார்தான் வால்வைத் தப்பாகத் திறந்துவிட்டான். அவனோடு நின்றவர்களில் நான்கு பேரை அன்றைக்கே ஒடிசாவுக்கு ரயிலேற்றிவிட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் வாயைத் திறக்கவில்லை.

புதன்கிழமை மணவாளன் வந்தார். ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் அவர்; வசந்தகுமார் கசிவைச் சொன்னது அவரிடம்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னாம்மா சுகிர்தா, வசந்து இங்க எதோ லெட்டர் அட்ச்சானாமே?"

"யாரு இன்னா அட்ச்சாங்கன்னு நான் சொல்றதில்ல சார்."

"சொல்லாத. கரெக்ட்டு. மெஷின்ல கீதா, அத்த மட்டும் சொல்லு."

எத்தனையோ பேருக்குக் காட்டிய கை அது. யோசிப்பதற்குள் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, வட்டு இருக்க வேண்டிய காலி இடத்தை அவருக்கும் காட்டியது. மணவாளன் குனிந்தார். உள்ளே விரலை விட்டுத் துழாவினார். விரலில் ஒட்டிய தூசியை ஊதிவிட்டுச் சிரித்தார்.

"சுத்தமா கீது. நல்ல மெஷின்மா. எங்க ஆபீசுக்கும் இதேமாரி ரெண்டு போட்டுக் குடேன்."

அன்றைக்கு அவள் கொண்டுவந்த சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை பகல் மூன்று மணிக்கு அருணா வந்தாள். வசந்தகுமாரின் மனைவி. இருபத்தேழு வயது. காலில் ஆம்பளைச் செருப்பு. அவசரத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். மறுநாள் காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டரின் விசாரணை. தப்பு அவன் மேல் இல்லை என்று காட்ட அவள் கையில் ஒன்றுமே இல்லை.

"அக்கா, அவரு அட்ச்ச பேப்பரு இன்னொண்ணு எட்த்துக் குடு."

"இல்லம்மா."

"எந்த மெஷினுன்னு சொல்லு. நானே தேடிக்கறேன்."

"இதுல எதுவும் தங்காது அருணா. அவரேதான் அணைச்சிட்டுப் போனாரு."

"கம்ப்யூட்டர்னா எல்லாம் இருக்கும்க்கா. போலீசு எட்த்துடும். நான் டிவில பாத்துருக்கேன்."

"ஹார்ட் டிஸ்க் இருந்தா எடுக்கலாம். இதுல அதுவே கெடையாது."

அருணா நான்கு கணினிகளையும் ஒன்றொன்றாகப் பார்த்தாள்.

"அப்ப இன்னாத்துக்குத்தான் இத்த வெச்சிக்கினு கீற?"

வசந்தகுமார் உட்கார்ந்திருந்த அதே கணினியின் முன்னால் சுகிர்தா உட்கார்ந்தாள்.

"அடிச்சவ நான்தான். எனக்கு ஞாபகம் இருக்கறத என் பேர்லயே எழுதித் தரேன். இப்டி யாருக்கும் நான் செஞ்சதில்ல."

'சுகிர்தா ஆகிய நான்' என்று ஆரம்பித்தாள். அவன் வந்த நாள், நேரம். செப்புச் சுருள், தண்ணீர்க் குழாய். சூப்பர்வைசரிடம் மூன்று முறை சொன்னது. தான் வேண்டுமென்றே வைத்துக்கொள்ளாத வார்த்தைகளை இழுத்து இழுத்து எடுத்தாள். அவன் கேட்ட மரியாதைத் தமிழிலேயே எழுதினாள். கசிவு கண்ட முதல் தேதி பதினொன்று. இரண்டாவது பத்தொன்பது. மூன்றாவது இருபத்து என்று வந்து விரல் நின்றுவிட்டது.

இருபத்து நான்கா, இருபத்தேழா?

என்ன எண்ணினாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். எது என்று தெரியவில்லை. எல்லாம் அதில்தான் இருந்தது. இருபத்து நான்கு என்றால், அவன் சொன்ன மறுநாளே குழாயை மாற்றிவிட்டோம் என்று ஆலை கையை உதறிக்கொள்ளும். இருபத்தேழு என்றால், குழாய் மாற்றிய பிறகும் கசிந்தது, தெரிந்தே உலையை ஓட்டினார்கள் என்று ஆகும்.

கண்ணை மூடிக்கொண்டு வலது கையை விசைப்பலகையின் வலது ஓரத்து எண் விசைகளின் மேல் வைத்தாள். எண்களை எப்போதும் அங்கேதான் தட்டுவாள். விரலுக்காவது தெரிந்திருக்கலாம். ஒன்று ஒன்று. ஒன்று ஒன்பது. இரண்டு. அதற்குப் பிறகு விரல் நாலின் மேல் இறங்கியது. மறுபடி முதலிலிருந்து தட்டினாள். இந்தத் தடவை ஏழின் மேல் இறங்கியது. நாலுக்கு நேர் மேலே ஏழு. நடுவில் ஒரு விரல் அகலம்கூட இல்லை.

"மூணாவது தேதி இருவத்தி நாலா, இருவத்தேழான்னு தெரியல. அவரு ரெண்டு நாளும் வேலைக்குப் போனாரா?"

"ரெண்டு நாளும்தான் போனாரு. ஏழுன்னு போடுக்கா."

"உன்கிட்ட சொன்னாரா?"

"ஊட்ல வேலப் பேச்சே எடுக்க மாட்டாரு." அருணா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "இருவத்தஞ்சாம் தேதியே கொயா மாத்தி சரியா பூட்ச்சுன்னா அவரு ஏன்கா செத்தாரு? அவரு செத்ததே சாட்சியில்லையா? ஏழுதான்க்கா."

"ஏழாத்தான் இருக்கும்னு எனக்கும் தோணுது."

"அப்றம் இன்னா?"

"தோணறது வேற அருணா. காதுல கேட்டது வேற. கேட்டத மட்டும்தான் நான் எழுத முடியும்."

"யாருக்குத் தெரியப்போவுது?"

சுகிர்தா மறுபடி விசைகளின் மேல் கை வைத்தாள். "சரி. ரெண்டுல ஒண்ணு, எதுன்னு தெரியலன்னு எழுதறேன்."

"ஐயோ, நாலுன்னு மட்டும் எழுதிடாத! அத்தப் புட்ச்சிக்குவானுங்க. உன் கால்ல வேணா வுழறேன், நாலு அந்தப் பேப்பர்லயே வேணாம்." அருணா நிஜமாகவே குனிந்தாள். சுகிர்தா அவளுடைய தோளைப் பிடித்து நிறுத்தி, கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அருணா குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

சுகிர்தா திரும்பி உட்கார்ந்து தட்டினாள். 'மூன்றாவது தேதி' என்று எழுதி, கொஞ்சம் இடம் விட்டு, 'எனக்கு நினைவில்லை' என்று முடித்தாள். நாலும் எழுதவில்லை, ஏழும் எழுதவில்லை. தாழ்ந்த குரலில் ஒரு முறை படித்துக் காட்டினாள். இரண்டு பிரதி எடுத்து, இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, கடை முத்திரை வைத்து, தன் செல் நம்பரையும் எழுதினாள். நாளைக்கு மணவாளன் இந்தக் கடை வாசலில் மறுபடி வந்து நிற்பார் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

அருணா காகிதத்தை வாங்கினாள். வரி வரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டு வந்தாள். விரல் 'மூன்றாவது தேதி'க்குப் பக்கத்தில் வந்து நின்றது. அந்த இடைவெளி இரண்டு இலக்கம் எழுதப் போதுமானதாக இருந்தது. கடைசி இரண்டு வார்த்தைகளையும் பேனாவால் அடித்துவிட ஒரு நொடி ஆகாது. அவள் நிமிர்ந்து சுகிர்தாவைப் பார்த்தாள்.

"கொஞ்சம் எடம் வுட்டுருக்கியேக்கா" என்றாள், மெதுவாக.

வெளியே லாரி ஒன்று போனது. சுகிர்தா கையை நீட்டி இரண்டு பிரதிகளையும் திரும்ப வாங்கினாள். மேஜைமேல் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, அடிக்கோலைப் பொருத்திப் பிடித்துக்கொண்டு, காலியாக இருந்த அந்த இடத்தின் குறுக்கே இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, தாளின் பின்பக்கம் புடைக்கும்படி அழுத்தி ஒரு கோடு இழுத்தாள்.